செம்பு, மரம், கல்: சமூகத்தை அச்சில் சொல்ல எதைக் கையில் எடுப்பது?

ஒரு பஞ்சத்தையோ, ஒரு போரையோ, வேலையிழந்து நிற்கும் ஒரு குடும்பத்தையோ படத்தொடராக அச்சிட வேண்டும் என்று முடிவு செய்த ஓவியர், முதல் கோட்டை இழுப்பதற்கு முன்பே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். செம்புத் தகட்டில் ஊசியால் கீறி அமிலத்தில் அரிக்க விடும் எட்சிங்கா, மரப்பலகையிலோ, லினோலியம் (லினோ) என்ற மென்மையான தரைவிரிப்புப் பொருளிலோ செதுக்கும் முறையா, கல்லின் மீது கொழுப்புப் பென்சிலால் வரையும் லித்தோகிராஃபா என்பதே அந்தத் தேர்வு. அச்சுப்பட்டறைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் எது எளிது, எது கடினம் என்ற அளவிலேயே இதைப் பேசுகிறார்கள். எனக்கு அது போதாது என்றே தோன்றுகிறது. ஒரு படம் எத்தனை பேரைச் சென்றடையும், எவ்வளவு தூரத்தில் நின்று பார்க்கப்படும், எவ்வளவு காலம் தாங்கும், அதை எவ்வளவு சுலபமாகப் பறிமுதல் செய்துவிட முடியும் என்பவையெல்லாம் அந்தப் பொருளைத் தொட்டவுடனேயே பாதி முடிவாகிவிடுகின்றன. நான் எட்சிங் பக்கம் சாய்ந்தவன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அது எங்கே கைகொடுக்காது என்பதையும் மறைக்காமல் எழுத முயல்கிறேன்.

இந்தத் தேர்வை ஒரே வாழ்நாளில் மூன்று விதமாகவும் செய்து பார்த்தவர் ஜெர்மனியின் கேத்தே கொல்விட்ஸ். 1893-க்கும் 1897-க்கும் இடையில் அவர் உருவாக்கிய 'நெசவாளர் கிளர்ச்சி' என்ற தொடரில் ஆறு படங்கள் உள்ளன. முதல் மூன்றும் லித்தோகிராஃப், அடுத்த மூன்றும் எட்சிங். முழுத் தொடரையும் தகட்டிலேயே செய்ய விரும்பியவர், அந்த வேலை அப்போது கைக்கு முழுமையாகப் படியாததால் பாதியைக் கல்லுக்கு மாற்றிக்கொண்டார். 1898-இல் பெர்லின் கண்காட்சியில் அத்தொடருக்குப் பதக்கம் வழங்கப் பரிந்துரை எழுந்தபோது, பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் அதற்கு இசையவில்லை. அடுத்து 1902 முதல் 1908 வரை உழைத்துச் செய்த 'உழவர் போர்' தொடரின் ஏழு படங்களும் தகட்டு வேலைகளே. அதற்குள் அவர் எட்சிங்கின் எல்லா நுட்பங்களையும் வசப்படுத்தியிருந்தார். 1914 அக்டோபரில் இளைய மகன் பீட்டர் போர்முனையில் இறந்தான். அந்தத் துயரைச் சொல்லத் தகடும் கல்லும் இடம் கொடுக்கவில்லை என்று தவித்துக்கொண்டிருந்தவர், 1920-இல் எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்குகளைப் பார்த்த பிறகு மரத்துக்குத் திரும்பினார். 'போர்' என்ற ஏழு மரச்செதுக்குகள் அப்படிப் பிறந்தவை. 1924-இல் 'இனி ஒருபோதும் போர் வேண்டாம்' என்று கையுயர்த்தி நிற்கும் இளைஞனின் சுவரொட்டியை அவர் செய்தது கல்லில். இருளில் பதுங்கியிருக்கும் கிளர்ச்சியாளர்களின் முகங்களுக்குத் தகடு, எல்லா விவரங்களும் உதிர்ந்துபோன தாய்மைத் துயருக்கு மரம், தெருவில் போகிறவரை நிறுத்த வேண்டிய குரலுக்குக் கல் என்று அவருடைய கை தானாகவே பிரித்துக்கொண்டதாக நான் இதை வாசிக்கிறேன். முறைகளை ஒப்பிட நினைப்பவருக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறெங்கும் கிடைக்காது.

எட்சிங் நடைபெறும் விதத்தைக் கொஞ்சம் அருகில் நின்று பார்க்காமல் அதன் சமூகப் பொருளைப் பேச முடியாது. மெருகேற்றிய தகட்டின் விளிம்புகளை அரத்தால் சரித்துவிட்டு, தேன்மெழுகும் நிலக்கீலும் பிசினும் கலந்த பூச்சை அதன் மீது மெல்லிய படலமாகப் பரப்புகிறோம். ஊசி அந்தப் படலத்தை மட்டும் விலக்கினால் போதும். உலோகத்தை அழுத்திக் கீற வேண்டிய தேவையே இல்லை. அதனால் கை, தாளில் எழுதும்போது இருக்கிற சுதந்திரத்தோடு ஓடுகிறது. தகட்டை அமிலத்தில் இறக்கியதும் கோடு திறந்த இடங்களில் உலோகம் கரையத் தொடங்குகிறது. சில நிமிடங்களில் எடுத்தால் மெல்லிய கோடு, நெடுநேரம் விட்டால் ஆழ்ந்த கருங்கோடு. மெல்லியதாகவே நிற்க வேண்டிய பகுதிகளை வார்னிஷால் மூடிவிட்டு மற்றவற்றை மீண்டும் அரிக்க விடுவதால், ஒரே தகட்டில் தொலைவும் அண்மையும் கோட்டின் கனத்திலேயே வந்துவிடுகின்றன. பிறகு பூச்சை நீக்கி, மையைத் தகடு முழுவதும் தேய்த்து, கஞ்சி ஏற்றிய வலைத்துணியால் துடைக்கிறோம். கடைசியாகச் சுண்ணத்தூள் தொட்ட உள்ளங்கையால் ஒருமுறை மெல்ல வழிக்கும்போது, பளபளக்கும் செம்பின் நடுவே மை தங்கிய கோடுகள் மட்டும் கண் விழித்ததுபோல் எழும். ஈரத்தாளை அதன் மீது வைத்து, கம்பளிகளை மூடி, இரும்பு உருளைகளுக்கிடையே செலுத்தினால், தாள் அந்தப் பள்ளங்களுக்குள் இறங்கி மையை அள்ளிக்கொண்டு வருகிறது. ஆகவே எட்சிங்கின் கோடு தாளின் மேல் கிடப்பதில்லை. விரல் நுனியால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு மேடாக நிற்கிறது. சுற்றிலும் தகடு அழுந்திய தடமும் இருக்கிறது. இங்கே ஓர் உலோகம் அழுத்தியது என்பதற்குத் தாளே சாட்சி சொல்கிறது.

இந்த முறை ஓவியர்களிடையே பிறந்ததன்று. கவசங்களிலும் ஆயுதங்களிலும் அமிலத்தால் அணிவேலை செய்துகொண்டிருந்த கைவினைஞர்களிடமிருந்து வந்தது. ஆக்ஸ்பர்க் நகரத்தில் கவச அலங்காரம் செய்த டேனியல் ஹோப்ஃபர் அதைத் தாளில் அச்சிடும் படங்களுக்குக் கொண்டுவந்தவராகக் கருதப்படுகிறார். ஆண்டு பொறிக்கப்பட்ட மிகப் பழைய எட்சிங் உர்ஸ் கிராஃப் 1513-இல் செய்தது. டியூரர் 1515-க்கும் 1518-க்கும் இடையில் இரும்புத் தகடுகளில் ஆறு படங்களைச் செய்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அதுவரை உலோகத்தில் படம் வெட்ட வேண்டுமானால் பொற்கொல்லரின் கைப்பழக்கம் தேவைப்பட்டது. வெட்டுளியைத் தள்ளித் தள்ளி உலோகத்தைச் சீவும் அந்த வேலையைக் கற்கவே பல ஆண்டுகள் ஆகும். எட்சிங்கில் அந்த உழைப்பை அமிலம் ஏற்றுக்கொண்டது. பேனாவால் வரையத் தெரிந்த எவரும் உலோகத்தில் வரையலாம் என்ற நிலை வந்தது. 1645-இல் ஆப்ரகாம் போஸ் பாரிஸில் இந்த முறையை விளக்கி ஒரு கையேடே வெளியிட்டார்; பட்டறை இரகசியமாக இருந்தது படித்துக் கற்கும் கலையாக மாறியது. எட்சிங்கின் சமூக முக்கியத்துவம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். எதைப் படமாக்குவது என்று கட்டளையிடும் புரவலரும் வெட்டிக் கொடுக்கும் கொல்லரும் இல்லாமல், தான் கண்டதைத் தானே தகட்டில் ஏற்றும் ஓவியர் அதனால் உருவானார். 1630 வாக்கில் ரெம்பிராண்ட் வரைந்த பிச்சைக்காரர்களை யாரும் கேட்டு வாங்கவில்லை. உள்ளங்கை அளவுத் துண்டுத் தகடுகளில், தாம் பார்க்க விரும்பியதால் வரைந்தார்.

அதே தசாப்தத்தில், 1633-இல், நான்சி நகரத்து ஜாக் காலோ 'போரின் பெருந்துயரங்கள்' என்ற 18 படங்களை வெளியிட்டார். மெழுகுப் பூச்சுக்குப் பதிலாக வாத்தியக் கருவி செய்பவர்கள் பயன்படுத்திய கடினமான வார்னிஷைத் தகட்டில் பூசியவர் அவர். அதனால் கோடு உதிராமல் கூர்மையாக நின்றது, தகட்டைத் திரும்பத் திரும்ப அமிலத்தில் இறக்க முடிந்தது. அந்தத் தொடரில் எல்லோரும் அறிந்தது தூக்குமரப் படம். சுமார் எட்டு சென்டிமீட்டர் உயரமே கொண்ட தாளில், ஒரு பெரிய மரத்தின் கிளைகளிலிருந்து மனித உடல்கள் பழங்களைப் போலத் தொங்குகின்றன. அடியில் உள்ள செய்யுளும் பழம் என்றே சொல்கிறது. ஏணியில் பாதிரியார் ஒருவர் சிலுவையை நீட்டுகிறார், மரத்தடியில் இருவர் பறைமீது பகடை உருட்டுகிறார்கள், படைகள் ஒழுங்காக அணிவகுத்து நிற்கின்றன. இதையெல்லாம் தூரத்தில் நின்று காண முடியாது. குனிந்து, தாளை முகத்துக்கு அருகில் கொண்டுவந்து, மூச்சை அடக்கித்தான் பார்க்க வேண்டும். பெரிய மரச்செதுக்கு ஒன்று கூட்டத்தைப் பார்த்துப் பேசும்; இந்தச் சின்னத் தகடு ஒரே ஒருவரைத் தனியாக அழைத்து உட்கார வைத்துக் காட்டுகிறது. உங்கள் கரு எந்த வகைப் பார்வையைக் கேட்கிறது என்பதே இந்தத் தேர்வில் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

இப்போது கல்லின் பக்கம் வருவோம். 1790-களின் இறுதியில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டறிந்த லித்தோகிராஃப், நீரும் கொழுப்பும் ஒட்டாது என்ற ஒரே உண்மையின் மேல் நிற்பது. வரைந்ததும் பதப்படுத்தி அச்சிடலாம். ஆயிரக்கணக்கில் எடுத்தாலும் கோடு தேயாது. செய்தித்தாளோடு சேர்ந்து ஓடக்கூடிய வேகம் அதற்கு உண்டு. பிரெஞ்சுக் கேலிச்சித்திர ஓவியர் ஓனொரே தோமியே அந்த வேகத்தில் வாழ்ந்தவர். ஏறத்தாழ 4,000 லித்தோகிராஃபுகள் செய்தார், மன்னர் லூயி ஃபிலிப்பை, எல்லாவற்றையும் தின்று தீர்க்கும் பூதமாக வரைந்ததற்காகச் சிறைக்கும் போனார். 1834 ஏப்ரல் 15-ஆம் நாள் பாரிஸில் டிரான்ஸ்நோனேன் தெருவில் வீட்டுக்குள் இருந்த மக்களைப் படையினர் கொன்றதை அதே ஆண்டில் அவர் கல்லில் வரைந்தார். இரவு அங்கியோடு கட்டிலிலிருந்து சரிந்து கிடக்கும் தந்தையின் உடல், அதன் அடியில் நசுங்கிக் கிடக்கும் குழந்தை. அந்த அவசரத்தை எட்சிங்கால் எட்டிப்பிடித்திருக்க முடியாது. ஆனால் அதே வேகம் அதிகாரத்தின் கண்ணையும் உடனே இழுத்தது. அந்தக் கல்லும் கைக்குக் கிடைத்த படிகளும் பறிமுதல் செய்யப்பட்டன. இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். லித்தோ கல் கனமானது, விலையுயர்ந்தது. ஒரு படம் முடிந்ததும் அதைத் தேய்த்து மட்டமாக்கி அடுத்த படத்துக்கு எடுத்துக்கொள்வதே பட்டறை வழக்கம். கல்லில் வரைந்தது தாளில் மட்டும் மிஞ்சும்.

தகடு அப்படியில்லை, அது காத்திருக்கும். எட்சிங்கைப் பற்றி எனக்குள் ஆழமாகப் பதிந்திருப்பது இந்தக் குணந்தான், அதைச் சொல்ல ஸ்பானிய ஓவியர் கோயாவைவிட வேறு பெயர் வேண்டியதில்லை. 1799-இல் அவர் 'லோஸ் காப்ரிச்சோஸ்' என்ற 80 படங்களைக் கோட்டு எட்சிங்கிலும், பிசின் துகள்களைத் தூவிச் சூடாக்கி அரிக்கும் அக்வாடின்ட்டிலும் செய்து, மாட்ரிட்டில் வாசனைத் திரவியம் விற்கும் கடை ஒன்றில் விற்பனைக்கு வைத்தார். மதபீடத்தையும் கல்வியற்ற பெருமையையும் பேராசையையும் சாடிய அந்தத் தொகுப்பு மிகச் சிலவே விற்றது. 1803-இல் தகடுகளையும் மிஞ்சிய 240 தொகுப்புகளையும் அரசரிடமே ஒப்படைத்துவிட்டார். அதன் பிறகு நெப்போலியப் படையெடுப்பின் கொடுமைகளை 1810 முதல் சுமார் பத்து ஆண்டுகள் தகடுகளில் வரைந்தார். போர்க்காலத்தில் நல்ல செம்பு கிடைக்காததால், முன்பு இயற்கைக் காட்சிகளை வரைந்திருந்த பெரிய தகடுகளை வெட்டி அவற்றின் பின்புறத்தைப் பயன்படுத்திக்கொண்டார். கட்டப்பட்டுக் கிடப்பவர்கள், சுடப்படுகிறவர்கள், பட்டினியில் சாய்ந்தவர்கள். உயிரோடு இருந்தவரை அவற்றை அவர் வெளியிடவில்லை. 1828-இல் இறந்தார், 35 ஆண்டுகள் கழித்து, 1863-இல், சான் ஃபெர்னாண்டோ கலைக்கழகம் 80 தகடுகளை 'போரின் பேரழிவுகள்' என்ற பெயரில் முதன்முறையாக அச்சிட்டது. ஸ்பானிய உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1937-இல் அதே தகடுகள் மீண்டும் அச்சேறின. வெளியிட முடியாத காலத்தில் செய்து வைத்துவிட்டு, வெளியிடக்கூடிய காலம் வரும்வரை அலமாரியில் அடுக்கி வைக்கக்கூடிய சாட்சியம் உங்களிடம் இருக்கிறதென்றால், செம்பைவிட நம்பகமான பொருளை நான் காணவில்லை. மரப்பலகையும் காத்திருக்கும் என்பது உண்மையே. ஆனால் அது வெடிக்கும், வளையும், பூச்சி அரிக்கும்.

மரச்செதுக்கையும் லினோவையும் குறைத்து மதிப்பிடும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. 1931 ஆகஸ்டில் சீன எழுத்தாளர் லூ ஷுன் ஷாங்காயில் இளம் ஓவியர்களுக்கு மரச்செதுக்கு வகுப்பு ஒன்றை நடத்தினார். கொல்விட்ஸின் படங்களைச் சீனத்துக்கு அறிமுகம் செய்தவரும் அவரே. அங்கிருந்து எழுந்த இயக்கம் மரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வெளிப்படையானது: ஒரு பலகையும் ஒரு கத்தியும் இருந்தால் போதும், அச்சுப்பொறிகூட வேண்டியதில்லை, தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தாலே படி வந்துவிடும். நாளை காலை ஊர்வலத்துக்கு இருநூறு படிகள் வேண்டும் என்றால் எட்சிங்கை நினைத்துப் பார்ப்பதே வீண். ஒவ்வொரு படிக்கும் தகட்டில் மை பூசி, துடைத்து, தாளை நனைத்து, அழுத்தி எடுக்கக் கால் மணி நேரம் முதல் அரை மணி நேரம் வரை ஆகிவிடும். வங்காளத்தில் 1943 பஞ்சத்தையும் உழவர் போராட்டங்களையும் வரைந்த சித்தபிரசாத் லினோவையே ஆயுதமாக்கிக்கொண்டார். அவரைப் போலவே வங்காளத்தின் கம்யூனிஸ்ட் இயக்கத்தில் இருந்த சோம்நாத் ஹோர் 1946-இல் தேபாகா உழவர் போராட்டத்தை நேரில் கண்டு குறித்துக்கொண்டவற்றை முதலில் மரச்செதுக்குகளாகத்தான் செய்தார். பிறகு நீண்ட காலம் எட்சிங்கில் தேர்ந்து, 1970-களில் 'காயங்கள்' என்ற தொடருக்கு வந்து சேர்ந்தார். அங்கே மை கூட இல்லை; காகிதக்கூழில் வார்த்த வெள்ளைத் தாளில், வெண்மையின் மீது வெண்மையாக, வெட்டும் கீறலும் மட்டும் இருக்கின்றன. அமிலம் தின்ற தகட்டோடு பல ஆண்டுகள் பழகிய கைக்கே அப்படி ஓர் எண்ணம் தோன்றியிருக்க முடியும் என்பது என் நம்பிக்கை.

மரம் என்றால் மலிவு, தகடு என்றால் செலவு என்று சொல்லிவிடுவதும் சரியாக இருக்காது. வில்லியம் ஹோகார்த் 1751-இல் 'கொடுமையின் நான்கு கட்டங்கள்' என்ற தொடரை ஏழைகள் வாங்கக்கூடிய மலிவு விலையில் தர விரும்பி, மரச்செதுக்காகச் செய்விக்கத் தொடங்கினார். வெட்டும் வேலைக்கு எதிர்பார்த்ததைவிட அதிகம் செலவானதால் அது இரண்டு படங்களோடு நின்றுவிட்டது. தொடர் கடைசியில் தகட்டிலேயே வெளிவந்தது. அதே ஆண்டில் வந்த அவருடைய 'ஜின் சந்து' படத்தின் விலை ஒரு ஷில்லிங். போதையில் மயங்கிய தாயின் கையிலிருந்து குழந்தை நழுவி விழும் அந்தப் படம், அதே ஆண்டு வந்த மதுச் சட்டத்துக்கு ஆதரவான பிரச்சாரத்தின் பகுதியாகவே வெளியானது. செதுக்குபவர் நீங்களே என்றால் மரம் மலிவு. கூலிக்கு ஆள் வைத்தால் கணக்கு மாறும்.

நடுவழி ஒன்றும் உண்டு. பலர் அதை மறந்துவிடுகிறார்கள். மெக்சிகோவின் ஹோசே குவாடலூப்பே போசாதா தம் கடைசிக் காலத்துப் படங்கள் பலவற்றைத் துத்தநாகத் தகட்டில், அமிலம் தொடாத மையால் நேராக வரைந்து, மீதிப் பரப்பை அமிலத்தில் கரைத்து உருவாக்கினார். கோடு பள்ளமாவதற்குப் பதில் மேடாக நிற்கும். எழுத்தச்சுகளோடு சேர்த்துக் கட்டி, பாட்டும் செய்தியும் போட்ட ஒற்றைத்தாளில் ஒரே அழுத்தத்தில் அச்சிடலாம். வில்லியம் பிளேக் 1788 முதல் தம் கவிதைகளையும் படங்களையும் ஒரே தகட்டில் கொண்டுவந்ததும் இதைப்போன்ற மேட்டு எட்சிங்கினால்தான். சொல்லும் படமும் சேர்ந்து போக வேண்டும், படிகளும் நிறைய வேண்டும், ஆனால் கை வரைந்த கோட்டின் ஓட்டமும் கெடக்கூடாது என்பவர் இந்த வழியைக் கட்டாயம் முயன்று பார்க்க வேண்டும்.

எட்சிங்குக்கு எதிராகச் சொல்லப்படும் குற்றச்சாட்டுகளில் எனக்கு உண்மையாகவே உறுத்தலாக இருப்பது ஒன்றுதான். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீமோர் ஹேடன், விஸ்லர் முதலியோரால் இக்கலைக்கு மறுவாழ்வு வந்தபோது, எண்ணிட்ட குறைந்த படிகள், பென்சில் கையொப்பம், நல்ல தாள் ஆகிய பழக்கங்களும் கூடவே வந்தன. படம் சேகரிப்பவரின் பேழைக்குள் போய்ச் சேர்ந்தது. ஏழையின் துயரத்தை வரைந்த தகடு, அந்த ஏழை ஒருநாளும் நுழைய முடியாத வீட்டில் போய்த் தங்குவது நெஞ்சை உறுத்தத்தான் வேண்டும். ஓட்டோ டிக்ஸ் முதல் உலகப் போரில் தாம் கண்டவற்றை 1924-இல் 'போர்' என்ற 50 எட்சிங்குகளாகச் செய்தார். பதுங்குகுழியில் அழுகும் உடலை, அமிலம் தகட்டைத் தின்ற விதத்தாலேயே காட்டியவர் அவர். கோடு எங்கே முடிகிறது, சிதைவு எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாது. வெளிவந்தவை 70 தொகுப்புகள் மட்டுமே. ஆனால் பதிப்பாளர் அவற்றிலிருந்து 24 படங்களைத் தேர்ந்து மலிவான நூலாகவும் அச்சிட்டுப் பரப்பினார். பிக்காசோ 1937-இல் 'ஃபிராங்கோவின் கனவும் பொய்யும்' என்று ஸ்பானியக் குடியரசுக்கு ஆதரவாகச் செய்த தகடுகளில் சின்னச் சின்னக் கட்டங்களாக வரைந்ததும், தனித்தனி அஞ்சலட்டைகளாக விற்கலாம் என்ற எண்ணத்தில்தான். எட்சிங்கைத் தேர்ந்தெடுப்பவருக்கு நான் தயங்காமல் சொல்லும் யோசனை இதுவே: தகட்டைச் சாட்சியமாக வைத்துக்கொள்ளுங்கள், பரப்பும் வேலையை மலிவான மறுஅச்சிடம் விடுங்கள், இரண்டையும் தொடக்கத்திலிருந்தே சேர்த்துத் திட்டமிடுங்கள்.

எட்சிங் அச்சுப்பொறி கனமானது, இடம் பிடிப்பது, ஒருவரால் வாங்க இயலாதது. இது குறையாகவே எண்ணப்படுகிறது. ஆனால் அந்தக் கனமே ஓவியர்களை ஓரிடத்தில் சேர்த்திருக்கிறது. ஸ்டான்லி வில்லியம் ஹேய்டர் 1927-இல் பாரிஸில் தொடங்கிய, பின்னர் 'அட்டெலியே 17' எனப் பெயர் பெற்ற பட்டறையில் பல நாட்டவர் ஒரே பொறியைப் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் கண்டது அன்று மாலைக்குள் மற்றவருக்கும் தெரிந்தது. ஆந்திரத்தில் பிறந்த கிருஷ்ண ரெட்டி அங்கேதான் மையின் பிசுபிசுப்பு வேறுபாட்டைக் கொண்டு ஒரே தகட்டில் பல வண்ணங்களை அச்சிடும் முறையை வளர்த்தெடுத்தார். தனியறையில் வேலை செய்ய விரும்புபவருக்கு லினோ போதும். கூடி உழைக்கும் குழுவுக்குத் தகட்டுவேலை பெருந்துணை.

எட்சிங் என்று முடிவாகிவிட்டால் அதற்குள்ளேயும் ஒரு தேர்வு காத்திருக்கிறது. உடல்நலம் சார்ந்தது என்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். துத்தநாகம் செம்பைவிட மலிவு, விரைவில் அரிபடும், ஆனால் கோட்டின் ஓரம் சற்றுக் கரடாகும்; மையின் சில நிறங்களையும் மங்கவைக்கும். செம்பு மெதுவாக, ஒழுங்காக அரிபடும். நைட்ரிக் அமிலம் வேலையை முடித்துத் தரும் வேகம் கவர்ச்சியானதுதான். கோடுகளின் மேல் குமிழ்கள் முத்துப்போல் கோக்கும், அவற்றை இறகால் வருடி விலக்க வேண்டும், ஆனால் அப்போது எழும் புகை நுரையீரலுக்கு நஞ்சு. நான் கற்றுக்கொண்டிருந்த நாளில், பழைய நைட்ரிக் கரைசலில் இறக்கிய துத்தநாகத் தகட்டைக் கவனிக்காமல் பேச்சில் இருந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது கரைசல் சூடேறி, பூச்சு உரிந்து, ஒரு கிழவியின் முகத்தில் நான் மூன்று நாட்கள் உழைத்த சுருக்கங்கள் எல்லாம் ஒரே கரும்பள்ளமாகியிருந்தன. அன்றைய இருமல் இரண்டு நாட்கள் விடவில்லை. அதன் பிறகு நான் செம்பும் ஃபெரிக் குளோரைடும் என்று மாறிக்கொண்டேன். அது நச்சுப்புகை விடுவதில்லை. கோடு நேர்குத்தாக, சுத்தமாக இறங்குகிறது. பழுப்பு வண்டல் பள்ளத்தில் தங்கி அரிப்பைத் தடுக்கும் என்பதால் தகட்டைக் கவிழ்த்தோ செங்குத்தாகவோ வைக்க வேண்டும், அல்லது கரைசலில் சிட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். துத்தநாகத்தையே பயன்படுத்த வேண்டிய நிலை என்றால் மயில்துத்தமும் உப்பும் கரைத்த நீர் போதும். அது நைட்ரிக்கைவிடப் பன்மடங்கு பாதுகாப்பானது. எந்தக் கரைசலானாலும் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. செம்பு கரைந்த பழைய கரைசலைச் சாக்கடையில் விடவே கூடாது; உழவரின் துயரத்தை வரைந்துவிட்டு அவர் நீரில் நஞ்சைக் கலப்பது எந்த விதத்திலும் நியாயமாகாது.

அமிலமே வேண்டாம் என்பவருக்கு ட்ரைபாயின்ட் இருக்கிறது. கூர்முனையால் செம்பை நேரடியாகக் கீறினால் ஓரத்தில் எழும் பிசிறு மையைப் பிடித்துக்கொண்டு வெல்வெட்டைப் போன்ற கருமையைத் தரும். ஆனால் அந்தப் பிசிறு அழுத்தத்தில் நசுங்கிவிடுவதால், இருபது முப்பது படிகளுக்கு மேல் முதல் படியின் அழகு நிற்காது. நான்கு பேருக்கு மட்டும் கொடுக்கும் படத்துக்கு அது போதும். அரிபட்ட செம்புத் தகடு நூற்றுக்கணக்கில் தாங்கும். மின்பூச்சு முறையில் அதன் மீது மெல்லிய இரும்புப் படலம் ஏற்றினால் இன்னும் பல மடங்கு தாங்கும்.

ஆகவே நிகழ்வு நேற்று நடந்தது, நாளைக்குள் தெருவில் இருக்க வேண்டும் என்றால் லினோவை எடுங்கள். வாரந்தோறும் பேச வேண்டியிருக்கிறது, கல்லும் பொறியும் அறிந்த கையும் அருகில் இருக்கின்றன என்றால் லித்தோ நல்லது. நடந்தது நடந்துவிட்டது, அதைச் சொன்னால் இன்று யாரும் கேட்க மாட்டார்கள், ஆனாலும் முகங்களையும் கைகளையும் ஒன்று விடாமல் பதிந்து வைத்தாக வேண்டும் என்று உள்ளுக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருக்கிறது என்றால், அது செம்புக்கான வேலை. சின்னத் தகட்டிலிருந்து தொடங்குங்கள். உள்ளங்கையில் அடங்கும் அளவே போதும்.

படிகள் எடுத்து முடித்த பின் தகட்டின் குறுக்கே ஒரு கோடு கீறி அதை அழித்துவிடும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. வாங்கியவர்களிடம் இருக்கும் படிகளின் அருமை குறையக் கூடாது என்பதற்காகச் செய்வது. சமூகச் சாட்சியமாகச் செய்த தகட்டில் அதைச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கோடுகளில் மை சிறிதும் உலர்ந்து நிற்காதபடி கழுவி, மெல்லிய மெழுகுப் பூச்சு ஒன்று கொடுத்து, அமிலச் சத்து இல்லாத தாளில் சுற்றி வையுங்கள். உறையின் மேல் எங்கே, எந்த நாளில், யாரைப் பார்த்து வரைந்தது என்று எழுதிவிடுங்கள். பெயர் சொல்ல அஞ்சுகிறவர்கள் என்றால் இடத்தையும் நாளையும் மட்டும் எழுதினால் போதும்.